பொட்டு மறைந்த பிறகுதான் வேலை

நான் ஏசி மெக்கானிக். வீடு வில்லிவாக்கத்தில். கடல்மீன் தொட்டி எனக்கு அறிமுகமானதே ஒரு சில்லர் ரிப்பேரில்தான். அண்ணா நகரில் ஒரு வீட்டில் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லரில் கேஸ் லீக். சரிசெய்யப் போனவன், வேலை முடிந்தும் அரை நாள் அந்தத் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இரண்டு வருடம் காசு சேர்த்து 2018-இல் நானே ஒன்று வைத்தேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குக்கு 250 லிட்டர். செராமிக் பாறை, அரகோனைட் மணல், இரண்டு கிளீனர் இறால், கொஞ்சம் நத்தை, மிச்சமெல்லாம் மீன். பவளமும் கடற்குதிரையும் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை. அவற்றை நான் வைப்பதில்லை, யார் கொடுத்தாலும் வாங்குவதில்லை.

இதை எழுதக் காரணம் ஒரு பவுடர் ப்ளூ டாங். வானநீல உடம்பு, கறுத்த முகம், முதுகில் மஞ்சள் துடுப்பு. நம் இந்தியப் பெருங்கடல் மீன். வெள்ளைப் புள்ளி நோய் முதலில் பிடிப்பதும் இந்த மீனைத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. 2019 ஐப்பசி மழையில் கொளத்தூரில் வாங்கிவந்து, அன்று ராத்திரியே நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். நாலாம் நாள் துடுப்பில் ரவை ஒட்டினது போல ஏழெட்டுப் பொட்டு. கடைக்காரரைக் கேட்டேன். "பூண்டுச் சாறு ஊத்துங்கண்ணே, மூணு நாள்ல போயிடும்" என்றார். ஊற்றினேன். அவர் சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் ஒரு பொட்டு இல்லை. பார்த்தவர்களிடமெல்லாம் பூண்டைப் பற்றிச் சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்து எல்லா மீன் மேலும் பொட்டு. டாங் மூச்சிரைத்துக்கொண்டு மூலையில் நின்றது. அது முதலில் போனது, அப்புறம் கிளௌன் மீன் ஜோடி. என் மகள் பெயர் வைத்துக் கூப்பிட்ட மீன்கள். பள்ளிவிட்டு வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் பதிலும் இல்லை.

பூண்டு எதையும் கொல்லவில்லை. பொட்டு மறைந்தது அந்தப் பூச்சியின் வாழ்க்கையில் ஒரு கட்டம், அவ்வளவுதான். இந்த ஒன்று மனசில் பதிந்துவிட்டால் கீழே சொல்கிற வைத்தியம் எல்லாம் தானாகவே புரியும். அதனால் அதை நிதானமாகச் சொல்கிறேன்.

கடல்மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோயின் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒரு செல் உயிர். நாம் பார்க்கும் பொட்டு, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து அதைத் தின்று பெருத்த ஒரு பூச்சி. தோலுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதால் தண்ணீரில் எந்த மருந்து ஊற்றினாலும் அங்கே அதைத் தொடாது. மூன்று நாளிலிருந்து ஏழு நாள்வரை தின்றுவிட்டு, பெரும்பாலும் இரவில் விளக்கணைந்த பிறகு, மீனை விட்டு இறங்கிவிடும். மாலையில் பார்த்த பொட்டு காலையில் காணாமல்போவது அதனால்தான். இறங்கினது சில மணி நேரம் தரையில் ஊர்ந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, இருநூறு வரை ஆகும். கூட்டையும் எந்த மருந்தும் துளைக்காது. பெரும்பாலான கூடுகள் மூன்று நாளிலிருந்து இருபத்தெட்டு நாளுக்குள் வெடிக்கும். 72 நாள் வரை காத்திருந்த கூடும் பதிவாகியிருக்கிறது. வெடித்து வரும் குஞ்சுகள் நீந்திப் போய் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்கவில்லையென்றால் செத்துவிடும்.

ஆக, மருந்துக்கு இது சிக்குவது இந்த நீந்துகிற நேரத்தில் மட்டும்தான். மீன் மேல் இருக்கும்போது கொல்ல முடியாது, கூட்டுக்குள் இருக்கும்போதும் முடியாது. அதனால்தான் வைத்தியம் மூன்று நாளில் முடிவதில்லை. மருந்து தண்ணீரில் நாள்தோறும் குறையாமல் நின்று, வெளியே வருகிற ஒவ்வொரு குஞ்சையும் சந்திக்க வேண்டும்.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இங்கே தவறுவதைப் பார்க்கிறேன். கோல்டு ஃபிஷுக்கு வருகிற வெள்ளைப் புள்ளி வேறொரு உயிர். அதற்குக் கல் உப்பும் ஹீட்டரும் போதும். கடல்மீன் ஏற்கெனவே உப்புத் தண்ணீரில்தான் இருக்கிறது. சூட்டை 32 டிகிரிக்கு ஏற்றினால் தண்ணீரில் பிராணவாயு குறையும். செவுளில் பூச்சியோடு ஏற்கெனவே திணறுகிற மீனுக்கு அது இன்னொரு அடி. கிளீனர் இறால் பூச்சியைத் தின்றுவிடும் என்பதையும் நம்பாதீர்கள். யூ.வி. விளக்கு தண்ணீரில் மிதக்கிற குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், நோயை ஒழிக்காது. 'இறாலுக்கும் பாதகமில்லை, பெரிய தொட்டியிலேயே ஊற்றலாம்' என்று எழுதியிருக்கும் பாட்டில்களில் இரண்டு வாங்கிப் பார்த்தேன். மீனைக் காப்பாற்றியது எதுவுமில்லை.

முதலில் எந்த நோய் என்று பார்த்துவிடுங்கள். மருந்தும் மாறும், கையிலிருக்கும் நேரமும் மாறும். பொட்டு ரவை அளவில், எண்ணக்கூடியதாக, வந்து வந்து போனால் அது நான் சொன்ன வெள்ளைப் புள்ளி. பவுடர் அடித்தது போல மிக நுணுக்கமாக, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் பொன்தூள் போலத் தெரிந்தால் அது வெல்வெட். அமைலோடினியம் என்ற வேறொரு உயிர். வெல்வெட் முதலில் செவுளைப் பிடிப்பதால் பல சமயம் உடம்பில் எதுவும் தெரிவதற்கு முன்பே மீன் செத்துவிடும்.

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டான். "அண்ணே, உடம்புல ஒண்ணுமே இல்ல. ஆனா எல்லா மீனும் வேவ்மேக்கர் முன்னாடியே நிக்குது. லைட் போட்டா பாறைக்குப் பின்னாடி ஓடுது. சாப்பாட்டையும் தொட மாட்டேங்குது." வேவ்மேக்கர் என்பது தொட்டியில் அலை கிளப்பும் மோட்டார். அதன் வேகமான நீரோட்டத்தில் நிற்பது, வெளிச்சத்துக்குப் பயப்படுவது, மூச்சு வாங்குவது, மூன்றும் சேர்ந்தால் வெல்வெட் என்று வைத்துக்கொண்டு அன்று ராத்திரியே வேலையைத் தொடங்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் காலையில் செத்த மீனைத்தான் எடுத்திருக்கிறார்கள். அந்தத் தம்பி விடிய விடிய மீன்களை மாற்றினான். ஏழில் ஐந்து பிழைத்தது.

கிளௌன் மீன் மேல் தோல் உரிந்து வெள்ளைச் சளி போலத் தொங்கினால் அது ப்ரூக்ளினெல்லா. அதற்குக் கீழே நான் சொல்லப்போகும் காப்பர் (செம்பு) மருந்து வேலை செய்யாது, ஃபார்மலின் குளியல்தான். 37 சதவீத ஃபார்மலின், லிட்டருக்கு 0.15 மி.லி., தனி வாளியில், ஏர் பம்ப் ஓட, அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதைத் தொடவே கூடாது. கையுறை போட்டு, வீட்டுக்கு வெளியே காற்றோட்டத்தில் செய்யுங்கள். புற்றுநோய் வரவைக்கிற சரக்கு அது. குழந்தை கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள்.

இன்னொரு ஆசாமி ஃப்ளூக் என்ற தட்டைப் புழு. மீன் தலையை ஆட்டும், பாறையில் உரசும், கண் மங்கும், பொட்டு மட்டும் இருக்காது. இதற்கு நன்னீர்க் குளியலே பரிசோதனை. ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டியின் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் சமையல் சோடா போட்டு பி.எச். 8.2 பக்கம் வைத்து, ஏர் ஸ்டோன் ஓடவிட்டு, கறுப்பு டப்பில் மீனை ஐந்து நிமிடம் விடுங்கள். ஃப்ளூக் இருந்தால் வெள்ளை எள் போல அடியில் உதிரும். கறுப்பு டப் கேட்பது அது கண்ணுக்குத் தெரிவதற்காக. தெரிந்தால் பிராசிகுவான்டல் என்ற புழு மருந்து லிட்டருக்கு 2.5 மி.கி., ஏழு நாள் கழித்து இன்னொரு முறை. முதல் மருந்துக்குத் தப்பிய முட்டைகள் பொரித்து வரும், இரண்டாம் முறை அவற்றுக்காக.

இனி காப்பர். வெள்ளைப் புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் நான் நம்புவது இதைத்தான்.

காப்பரைப் பெரிய தொட்டியில் ஊற்றவே கூடாது. இறால், நத்தை, நண்டு எல்லாம் செத்துவிடும். பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. என் தொழிலே செம்புக் குழாயோடு என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஏசியின் செம்புக் காயிலைத் தண்ணீரில் முக்கிச் சில்லர் செய்யச் சொல்லி என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். கடல் தண்ணீர் செம்பை அரித்துக் கரைக்கும். கடல் தொட்டிக்கு டைட்டானியம் காயில் மட்டும்தான்.

வைத்தியத்துக்குத் தனித் தொட்டி வேண்டும். என்னுடையது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றே கால் அடி உயரம். மேலே விளிம்பு விட்டு 60 லிட்டர் ஊற்றுவேன். அந்த 60-ஐ டேப் வைத்துக் கணக்குப் போடவில்லை, லிட்டர் குறித்த வாளியால் அளந்து ஊற்றிக் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டேன். மருந்தின் கணக்கு முழுக்க அந்தக் கோட்டை நம்பித்தான். உள்ளே மணல் இல்லை, பாறை இல்லை. ஒளிந்துகொள்ள மூன்று அங்குல பி.வி.சி. எல்போ நாலு, ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் பம்ப். கரன்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்பும் ஒன்று வாங்கி வையுங்கள். மருந்தில் இருக்கும் மீனுக்கு அரை மணி நேரம் காற்று இல்லாமல்போனாலும் ஆபத்து. பெரிய தொட்டியிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி வைக்க வேண்டும், வேறு அறையாக இருந்தால் நல்லது. வெல்வெட் பூச்சி தெறிக்கும் நீர்த்துளியில் மூன்று மீட்டர் வரை பயணம் போகும். வலை, வாளி, சைஃபன் குழாய் எல்லாம் தனி. நான் இந்தத் தொட்டியின் சாமான் எல்லாவற்றிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன். வீட்டில் யார் எடுத்தாலும் மாறிப்போகாது.

காப்பர் மருந்தில் பல வகை உண்டு, அளவு ஒவ்வொன்றுக்கும் வேறு. இதில் தவறினால் மீன் உங்கள் கையாலேயே சாகும். காப்பர் பவர் போன்ற கீலேட் செய்த (காப்பரை வேறொரு பொருளோடு பிணைத்த) மருந்தில் லிட்டருக்கு 2.0 முதல் 2.5 மி.கி. வரை நிற்க வேண்டும். குப்ரமைன் என்றால் 0.5 மட்டும். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் ஒன்று நோய் போகாது, இல்லை மீன் போய்விடும். நான் காப்பர் பவர் பயன்படுத்துகிறேன், என் கணக்கெல்லாம் அதற்கானது. அளக்க ஹானா டிஜிட்டல் செக்கர், ஹை ரேஞ்ச். விலை கூடத்தான். ஆனால் கலர் அட்டைக் கிட்டில் 2-க்கும் 2.5-க்கும் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த வைத்தியமே அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. ஒரு மீன் குறைத்து வாங்கி இந்த மீட்டரை வாங்குங்கள்.

முதல் நாள் 1.0, மறுநாள் 1.5, மூன்றாம் நாள் 2.0-ஐத் தாண்டி 2.25 பக்கம் நிறுத்துவேன். மெதுவாக ஏற்றினால் மீன் தாங்கும். வெல்வெட் என்றால் இந்த நிதானத்துக்கு நேரமில்லை, ஒரே நாளில் ஏற்றிவிட வேண்டும். 2.0-ஐத் தொட்ட நாளை ஒன்று என்று எண்ணி முப்பது நாள். நடுவில் ஒரு நாள் 1.9-க்கு இறங்கினால்கூட அந்த இடைவெளியில் வந்த குஞ்சு மீனில் ஏறிவிடும், எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எனக்கு ஒருமுறை பதினெட்டாம் நாள் அப்படி ஆனது. மனசு வலித்தது. ஆனாலும் ஒன்றிலிருந்தே எண்ணினேன்.

அளவு இறங்கக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் மாற்றுவதுதான். புதுத் தண்ணீரிலும் அதே 2.25 வரும்படி மருந்தைக் கலந்து, அளந்துவிட்டு ஊற்றுங்கள். ஏறக் காரணம் சென்னை வெயில். தண்ணீர் ஆவியாகும், காப்பர் ஆவியாகாது. மே மாதம் ஒரு நாளில் என் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் இறங்கிவிடும். முதலில் ஆர்.ஓ. தண்ணீரைக் கோடு வரை ஊற்றிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். கார்பன் போடாதீர்கள், காப்பரை இழுத்துவிடும். யூ.வி. விளக்கையும் அணைத்து வையுங்கள்.

அம்மோனியாதான் இந்தச் சின்னத் தொட்டியின் எமன். காப்பரில் செத்தது என்று சொல்கிற மீன்களில் பாதி அம்மோனியாவில் செத்ததாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். நான் எப்போதும் ஒரு ஸ்பான்ஜைப் பெரிய தொட்டியின் சம்ப்பில், அதாவது தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டியில், போட்டு வைத்திருப்பேன். நோய் வந்த அன்று பாக்டீரியாவோடு எடுத்து இங்கே வைத்துவிடலாம். அதில் பூச்சிக் கூடு ஒட்டியிருந்தாலும் காப்பரில்தானே இருக்கப்போகிறது. அம்மோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டும் திரவத்தைக் காப்பரோடு சேர்த்து ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் காப்பர் மீனுக்கு விஷமாக மாறும்.

முதல் இரண்டு மூன்று நாள் மீன் சரியாகச் சாப்பிடாது. பயப்படாதீர்கள். பச்சை இறாலை மசித்துத் துளித்துளியாகப் போடுங்கள், டாங் வகைக்குக் கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டுங்கள். பூண்டு வாசனை மீனைச் சாப்பிட வைக்கும் என்றால் அதற்கு மட்டும் போடுங்கள், தவறில்லை. நாலாம் நாளும் தொடவில்லை, மூச்சும் அதிகம் என்றால் அளவை மறுபடி அளந்து பாருங்கள்.

எல்லா மீனும் காப்பரைத் தாங்காது. மான்டரின், பஃபர், சில ராஸ் வகைகள் திணறும். சுறா, திருக்கை வகைக்குக் காப்பர் கூடவே கூடாது. வெள்ளைப் புள்ளி மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் இவற்றில் சின்ன மீன்களுக்குத் தொட்டி மாற்றும் முறை இருக்கிறது, மருந்தே இல்லாமல். இரண்டு 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். ஒன்றாம் நாள் முதல் டப்பில் விடுங்கள். நாலாம் நாள், 72 மணி நேரம் ஆவதற்கு முன்பே, புதுத் தண்ணீர் ஊற்றிய இரண்டாவது டப்புக்கு மாற்றுங்கள். முதல் டப், ஹீட்டர், குழாய், வலை எல்லாவற்றையும் கழுவி வெயிலில் முழுசாகக் காயவைத்துவிட வேண்டும். ஏழு, பத்து, பதின்மூன்றாம் நாட்களில் மறுபடி மாற்ற வேண்டும். மீனிலிருந்து இறங்கின பூச்சி கூடு கட்டி வெடிப்பதற்குக் குறைந்தது மூன்று நாள் வேண்டும். அது வெடிக்கும்போது மீன் அங்கே இருக்காது, கூடு வெயிலில் காய்ந்திருக்கும். மாற்றும்போது பழைய தண்ணீர் ஒரு கை அளவுகூடச் சேர்ந்து போகக் கூடாது. இந்த முறை வெல்வெட்டுக்கு உதவாது, அதன் கணக்கு வேறு. காப்பர் இல்லாததால் இங்கே அம்மோனியா கட்டும் திரவம் போடலாம்.

உப்பைக் குறைத்து, அடர்த்தியை 1.009-க்கு இறக்கிப் பல வாரம் வைக்கும் முறையும் உண்டு. பலருக்குப் பலித்திருக்கிறது. அந்த உப்பையும் தாங்கி வாழ்கிற பூச்சி வகைகள் இருப்பதால் நான் அதை முதல் வழியாகச் சொல்வதில்லை. வெல்வெட்டுக்கு அது எதுவுமே செய்யாது.

இனி என் இரண்டாவது தவறைச் சொல்ல வேண்டும். இதுதான் அதிகம் பேர் செய்வது.

முதல் அடிக்குப் பிறகு என் தொட்டியில் மிஞ்சியவை மூன்று: மஞ்சள் வால் டாம்செல் ஒன்று, ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு பிளென்னி. மூன்று மாதமாக ஒரு பொட்டு இல்லை. நன்றாகச் சாப்பிட்டன. நோய் போய்விட்டது என்று நினைத்தேன். 2020 ஜனவரியில் புதிதாக இரண்டு கிளௌன் வாங்கி, இந்த முறை முறையாகத் தனித் தொட்டியில் முப்பது நாள் காப்பர் முடித்து, மார்ச் நடுவில் பெரிய தொட்டியில் விட்டேன். எட்டாம் நாள் இரண்டின் மேலும் பொட்டு.

புது மீன் நோயைக் கொண்டுவரவில்லை. நோய் தொட்டியிலேயே இருந்திருக்கிறது. ஒருமுறை பிழைத்த மீனுக்குச் சில மாதம் ஓரளவு எதிர்ப்பு இருக்கும். பொட்டு போடாது, ஆனால் செவுளில் இரண்டொரு பூச்சியைச் சுமந்துகொண்டே இருக்கும், சுற்று அறுந்துபோகாது. டாம்செல்லை நான் பிடிக்காமல் விட்டது, பாறையெல்லாம் கலைக்க வேண்டுமே என்ற சோம்பலால். அதற்கு இரண்டு கிளௌன் மறுபடி காப்பருக்குள் போக வேண்டியதாயிற்று.

ஆகவே, ஒரு மீனுக்கு வந்தால் எல்லா மீனையும் எடுங்கள். உடம்பில் எதுவுமே இல்லாத மீனையும் எடுங்கள். பாறை கலைப்பதற்கு முன்னால் ஒரு வழி: தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு போட்டு இரவு வைத்தால் டாம்செல் சில சமயம் தானே மாட்டும். என்னுடையது மாட்டவில்லை. தண்ணீரில் முக்கால்வாசியை டிரம்முக்கு மாற்றி, பாறையை ஒவ்வொன்றாக எடுத்து, மார்ச் 29-ஆம் தேதி மதியம் கடைசியாக அதைப் பிடித்தேன். ஊரடங்கு தொடங்கி ஐந்தாவது நாள். வேலைக்குப் போக வழியில்லை. தொட்டிக்கு வேண்டிய நேரம் முழுசும் இருந்தது.

அன்றிலிருந்து பெரிய தொட்டியில் 76 நாள் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. 72 நாள் கூட்டையும் தாண்டி நாலு நாள். சூடான தண்ணீரில் இதைவிடக் குறைவான நாளே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சில நாளை மிச்சம் பிடிக்க மனசில்லை. இறாலும் நத்தையும் உள்ளேயே இருக்கலாம், இந்தப் பூச்சி அவற்றில் வாழாது. மீன் இல்லையென்று தொட்டியை அணைத்துவிடாதீர்கள். மோட்டார் ஓட வேண்டும், பாக்டீரியா சாகாமலிருக்கத் தினம் ஒரு சிட்டிகைத் தீவனம் போட வேண்டும். சூட்டை 27 டிகிரியில் நிறுத்துங்கள், குளிர்ந்தால் கூடுகள் இன்னும் தாமதமாகும். இந்த நாட்களில் ஒரு சின்ன மீனைப் 'பார்க்க அழகாக இருக்குமே' என்று விட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

என் மகள் தினத்தாள் காலண்டர் கிழிக்கிறவள். கிழித்த தாளின் பின்பக்கம் காலை அளவு, இரவு அளவு, அம்மோனியா, யார் சாப்பிட்டது யார் சாப்பிடவில்லை என்று அவளே எழுதத் தொடங்கினாள். மூச்சு எண்ணுவதும் அவள்தான். செல்போனில் ஒரு நிமிடம் வைத்துச் செவுள் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணுவாள். இதை மீன் நன்றாக இருக்கும்போதே எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நோய் நாளில் எண் கையில் இருந்தால் ஏறினதா இறங்கினதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. அந்தத் தாள்களை நூல் கோத்து வைத்திருக்கிறோம்.

காப்பர் முப்பது நாள் முடிந்ததும் தண்ணீர் மாற்றி, கார்பன் போட்டுக் காப்பரை எடுத்துவிட்டு, பிராசிகுவான்டல் இரண்டு முறை கொடுத்து, மிச்ச நாளை அந்தச் சின்னத் தொட்டியிலேயே மருந்தில்லாமல் கழித்தன. அந்த நாட்கள் வீணில்லை. காப்பர் அடக்கி வைத்திருந்தது ஏதாவது இருந்தால் இப்போதுதான் தலைகாட்டும். ஜூன் 13-ஆம் தேதி வரை காத்திருந்து, மறுநாள் ஐந்து மீனையும் கொண்டுபோய் விட்டோம். சின்னத் தொட்டித் தண்ணீரை ஊற்றாமல், மீனை மட்டும். டாம்செல் தன் பழைய பாறைப் பொந்தை நேராகத் தேடிப் போனது. நான் கல்லை வேறு மாதிரி அடுக்கியிருந்ததால் கொஞ்ச நேரம் குழம்பிச் சுற்றியது.

அந்தத் தொட்டியில் அதற்குப் பிறகு வெள்ளைப் புள்ளி வரவில்லை. எது வாங்கினாலும் சின்னத் தொட்டி வழியாகத்தான் உள்ளே போகிறது. கடைக்காரர் 'எங்ககிட்டயே க்வாரன்டைன் முடிஞ்சதுண்ணே' என்று சொன்னாலும் எனக்கு முப்பது நாள் முப்பது நாள்தான். மீன் அல்லாத நத்தையோ பாறையோ இன்னொரு தொட்டியிலிருந்து வந்தாலும் அதையும் 76 நாள் தனியாக வைக்கிறேன். கூடு ஓட்டின் மேலும் ஒட்டும்.

இப்போது சின்னத் தொட்டியில் ஒரு பவுடர் ப்ளூ இருக்கிறது. முதல் டாங் போனபிறகு இதை வாங்க எனக்குப் பல வருடம் தைரியம் வரவில்லை. இன்று காப்பரில் ஒன்பதாம் நாள். காலை அளவு 2.24. கடற்பாசித் தாளில் பாதியை மதியத்துக்குள் தின்றுவிட்டது. தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருக்கிறது. ஆர்.ஓ. ஊற்றிவிட்டு, எட்டரைக்கு மறுபடி அளக்க வேண்டும்.